தமிழாசிரியர்களுக்கு: நோக்குநிலையை மாந்தோப்பில் இருந்து தொடங்குங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் தமிழாசிரியர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளின் நோட்டில் கதைக்கரு, கதைப்பின்னல், பாத்திரப்படைப்பு, நோக்குநிலை (கதையை யார் பார்வையில் சொல்வது என்பது), குறியீடு எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு வரி வரையறை இருக்கிறது. தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறாள். சரி, நேற்று படித்த கதையைச் சொல்வது யார் என்று கேட்டால், "எழுதினவர்தாம்ப்பா" என்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. தேர்வில் கேட்பது வரையறையைத்தானே!

வரையறையைக் கடைசியில் வையுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மா பூக்கும்போதே தோப்பைக் குத்தகைக்கு விடுவதுண்டு. காய் இறங்கும் நேரத்தில் தோத்தாபுரி மாங்காய் விலை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குத்தகைக்காரர் சொன்னால் இது கடன் கதை. தோப்புக்காரர் சொன்னால், முன்பணம் வாங்கிவிட்ட நிம்மதியும் கொஞ்சம் கூச்சமும். காவல்காரர் மகன் சொன்னால், அவன் வயிறாரப் பழம் தின்ற வருடம் அது. இதை மூன்று பிள்ளைகளிடம் பிரித்துக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள், நோக்குநிலை தானே புரியும். முதல் பத்தியிலேயே மாங்கூழ் ஆலை வாசலில் நகராமல் நிற்கும் டிராக்டர் வரிசையைப் போகிற போக்கில் காட்டிவிட்டால், பின்னால் வரப்போவதை முன்பே கோடிகாட்டும் முன்னுணர்த்தல் அதுதான்.

சொல்வது ஒன்று, உணர்த்துவது வேறு என்ற உத்திக்கு இந்த மண்ணை விட்டே போக வேண்டாம். தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, மன்னன் அதியமானுக்காகத் தூது போன ஔவையார், பகை மன்னன் தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்துப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. உன்னுடையவை மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலில் இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்டால் புகழ்ச்சி. உள்ளே, நீ போரையே பார்க்காதவன் என்ற குத்தல். பாட்டுதான், புனைகதை இல்லை. ஆனாலும் பிள்ளைகள் சட்டென்று சிரித்துவிடுவார்கள், அந்தச் சிரிப்பு போதும்.

உவமையை நீங்கள் நன்றாகவே நடத்துகிறீர்கள். குறியீட்டில்தான் அவசரம். வறண்ட கிணறு வந்தாலே 'வறுமையின் குறியீடு' என்று எழுத வைக்கிறோம். நம்மூர்க் காட்டில் வறண்ட கிணறு இல்லாமலா? அது கதை நடக்கும் களமாக மட்டும் இருக்கலாம். திரும்பத் திரும்ப வருகிறதா, பாத்திரம் மாறும் இடத்தில் வருகிறதா என்று பார்த்த பிறகு சொல்லட்டும்.

அப்புறம், காலாண்டுத் தேர்வில் ஒரு கேள்வியாவது இப்படிக் கேளுங்கள்: இந்தக் கதையை வேறு யார் சொல்லியிருக்கலாம், அப்போது எது நமக்குத் தெரியாமல் போயிருக்கும்? திருத்துவது கஷ்டம், தெரியும். இருந்தாலும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்,
காவேரிப்பட்டணம்