வாங்குவதற்கு முன்னால் ஒரு பெயர்: அமெரிக்க ஆய்வகங்களில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஃபெடரல் கிராண்ட் பணத்தில், அதாவது அரசு தரும் ஆய்வு நிதியில், ஆய்வு செய்யும் பேராசிரியர்கள், போஸ்ட்டாக்குகள், ஆய்வக மேலாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பர்சேஸ் அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். நீங்கள் அனுப்புகிற கொட்டேஷன் என் திரைக்குத்தான் வரும். அதைத் திருப்பி அனுப்பி, "வெண்டரின் முழுச் சட்டப் பெயர் வேண்டும்" என்று எழுதி உங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறவளும் நான்தான். கிராண்ட் பணத்தில் வாங்குவதற்கு முன்னால், விற்பவரை ஃபெடரல் அரசு விலக்கி வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை எங்கள் அலுவலகம் வருஷத்துக்கு ஒருமுறை ஆங்கிலத்தில் சுற்றறிக்கையாக அனுப்புகிறது. யாரும் படிப்பதில்லை. சொல்லப்போனால், அதை எழுதுகிற எனக்கே இரண்டாவது பத்தியில் கொட்டாவி வந்துவிடும். சரி, தமிழில் எழுதிப் பார்ப்போமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. செல் உயிரியல் ஆய்வகம் ஒன்றில் நம்மூர்த் தம்பி ஒருவர் போஸ்ட்டாக்காக இருந்தார். பழைய நுண்ணோக்கிகளைப் பழுதுபார்த்து விற்கும் ஒரு கடையில் நல்ல கருவி ஒன்று கிடைத்தது. மொத்தம் 27,800 டாலர். எங்களிடம் 15,000 டாலருக்குக் கீழே என்றால் துறையே நேராக வாங்கிக்கொள்ளலாம், பர்சேஸ் அலுவலகம் பக்கமே வர வேண்டாம். கடைக்காரருக்கு அது தெரிந்திருந்தது. "கருவிக்கு ஒரு பில் 14,900, லென்ஸுக்கும் கேமராவுக்கும் இன்னொரு பில் 12,900, உங்களுக்கு வேலை சுலபம்" என்று அவரே யோசனை சொல்லியிருக்கிறார். தம்பிக்கும் அது சுலபமாகத்தான் பட்டது. அந்தக் கடை எங்கள் கணினியில் ஏற்கெனவே ஏழெட்டு வருஷமாக வெண்டராக இருந்தது வேறு. பழகிய கடைதானே, என்ன ஆகிவிடப் போகிறது?

கடைக்காரர் மீது ஃபெடரல் விலக்கு விழுந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் மொத்த வெண்டர் பட்டியலையும் மாதம் ஒருமுறை ஒரு மென்பொருள் சலித்துப் பார்க்கும். அந்த மாதம் அது சலித்துப் பார்ப்பதற்குள் நுண்ணோக்கி இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டது, பணமும் போய்விட்டது. இரண்டு பில்லையும் சேர்த்து ஒரே கொள்முதல் என்றுதான் எந்த ஆடிட்டரும் படிப்பார். கிராண்ட் கணக்கிலிருந்து அந்தச் செலவை நீக்க வேண்டியதாயிற்று. துறை தன் சொந்தக் கையிருப்பிலிருந்து கட்டியது. ஆறு மாணவர்களுக்குக் கோடைகால உதவித்தொகை தர வைத்திருந்த பணம் அது.

"அக்கா, நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் தம்பி. நீ கேட்டால்தானே தம்பி சொல்வேன்?

இந்த விலக்கு என்பது என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அரசை ஏமாற்றியவர், லஞ்சம் கொடுத்தவர், கையாடல் செய்தவர், பொய்க் கணக்கு காட்டியவர், ஒப்பந்தத்தை வேண்டுமென்றே மீறியவர் என்று பல காரணங்களுக்காக ஒரு நிறுவனத்தையோ தனியாளையோ ஃபெடரல் அரசு ஒதுக்கி வைக்கலாம். விசாரணை நடக்கும்போதே தற்காலிகமாக ஒதுக்குவது சஸ்பென்ஷன். முடிவெடுத்து ஒதுக்குவது டிபார்மென்ட், பொதுவாக அது மூன்று வருஷத்துக்கு மேல் போகாது. கொள்முதல்களுக்கு மட்டும் இருந்த இந்த ஏற்பாட்டைக் கிராண்டுகளுக்கும் கொண்டுவந்தது ரீகன் 1986இல் போட்ட 12549ஆம் எண் நிர்வாக ஆணை. 1989இல் மூத்த புஷ் 12689ஆம் எண் ஆணையைப் போட்டு, ஒரு துறை ஒதுக்கியவரை மற்ற எல்லாத் துறைகளும் ஒதுக்க வேண்டும் என்று ஆக்கினார். இது தண்டனை இல்லை, பொதுப்பணத்துக்கான காவல் என்று விதியே சொல்கிறது. ஒதுக்கப்பட்ட கடைக்காரரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள், அது வேறு கதை.

அந்தக் காலத்தில் ஒதுக்கப்பட்டவர்களின் பட்டியல் அச்சடித்த புத்தகமாக வரும் என்று எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெற்றுப் போன ஒரு அம்மாள் சொல்வார். இப்போது எல்லாம் ஃபெடரல் அரசின் சாம்.கவ் (SAM.gov) தளத்தில். 2012இல் பழைய தளத்தை மூடிவிட்டு இதற்கு மாற்றினார்கள். "சாம்ல பார்த்தாச்சா?" என்று நாங்கள் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்போம். புதிதாகச் சேருகிறவர்கள் சாம் யார், எந்த அறையில் இருக்கிறார் என்று தேடியிருக்கிறார்கள்.

ஒப்பந்தத் தொகை 25,000 டாலரைத் தொடும் என்று தெரிந்தால், வெண்டர் ஒதுக்கப்பட்டவரா என்று பார்த்தே ஆக வேண்டும். இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாக 25,000 என்று நினைக்கிறார்கள். ஒப்பந்தம் முழுவதற்கும்தான் அந்தக் கணக்கு. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு வருஷம் 9,000 டாலர் வீதம் மூன்று வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால் அது 27,000. முதல் வருஷப் பில் வரும்போதல்ல, கையெழுத்துப் போடும்போதே பார்த்திருக்க வேண்டும். வேறொரு பல்கலைக்கழகத்துக்கு உங்கள் கிராண்டிலிருந்து சப்அவார்டு, அதாவது ஆய்வின் ஒரு பகுதியைச் செய்யப் பணம், கொடுத்தால் கீழ்வரம்பே கிடையாது. ஆயிரம் டாலர் என்றாலும் பார்க்க வேண்டும்.

விதிப்படி மூன்று வழி இருக்கிறது. தளத்தில் தேடலாம், வெண்டரிடமே எழுதி வாங்கலாம், அல்லது ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்துச் சேர்க்கலாம். சில இடங்களில் ஷரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. "நான் ஒதுக்கப்பட்டவன் இல்லை" என்று ஒதுக்கப்பட்டவரும் கையெழுத்துப் போடுவார், பேனா ஒன்றும் தடுக்காது. தேடுவதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிஷம். தேடிய பக்கத்தைத் தேதியோடு பி.டி.எஃப். ஆக எடுத்துக் கோப்பில் போட இன்னொரு நிமிஷம். ஆடிட்டர் கேட்பது அந்தத் தேதியைத்தான். "பார்த்தோம் சார்" என்று வாயால் சொன்னால் அவர் எழுதிக்கொள்வது வேறொன்று.

தளத்தில் ஒரு கடையின் பெயரைப் போட்டு ஒன்றும் வரவில்லை என்றால், "ஐயோ, இந்தக் கடை பதிவே செய்யவில்லையே, வாங்கக் கூடாதோ" என்று சிலர் பதறிப்போய் எழுதுகிறார்கள். பதிவு வேறு, விலக்கு வேறு. அரசிடமிருந்து நேரடியாக ஒப்பந்தமோ கிராண்டோ பெறுகிறவர்களுக்குத்தான் பதிவு. உங்களுக்குக் கண்ணாடிக் குப்பி விற்கும் கடைக்கு அது தேவையில்லை. தேட வேண்டியது விலக்குப் பகுதியில். அங்கே ஒன்றும் வராமல் இருப்பதுதான் நல்ல செய்தி. அப்புறம் ஒன்று: பதிவு செய்வது இலவசம். அதைச் செய்து தருகிறோம் என்று சின்னக் கடைக்காரர்களிடம் நூற்றுக்கணக்கில் டாலர் கறக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த கடைக்காரர் யாராவது இருந்தால் சொல்லி வையுங்கள்.

இப்போது பெயர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். தமிழில் எழுத உட்கார்ந்ததே பாதி இதற்காகத்தான்.

நிறுவனங்கள் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை, தனியாட்களும் நிறைய இருக்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டில் தப்புக் கணக்கு எழுதியவர்கள், உரிமம் பறிபோன செவிலியர்கள் என்று சுகாதாரத் துறை ஒதுக்கியவர்களின் பெயர்கள் ஏராளம். விஞ்ஞானிகளும் தப்பவில்லை. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த எரிக் போல்மன் 17 கிராண்ட் விண்ணப்பங்களில் பொய்த் தரவு கொடுத்ததை 2005இல் ஒப்புக்கொண்டார். ஃபெடரல் ஆய்வுப் பணம் வாழ்நாள் முழுக்க அவருக்கு இல்லை என்றானது. அடுத்த வருஷம் ஒரு வருஷமும் ஒரு நாளும் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆகவே கன்சல்டன்ட் ஒருவரை வைத்துக்கொள்ளும்போதும் நாங்கள் பெயர் கேட்போம்.

அங்கேதான் நம் பெயர்கள் வந்து இடிக்கின்றன. அப்பா பெயர் முதலெழுத்தாக இருக்கும், பாஸ்போர்ட்டில் அது விரிந்து குடும்பப் பெயராகிவிடும். சிலருக்கு ஒரே பெயர்தான், விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அடித்திருப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. அமெரிக்க அதிகாரிகள் அதையே பெயராக எடுத்துக்கொண்டு "மிஸ்டர் ஃப்னு" என்று கூப்பிட்ட கதைகள் நம் வட்டத்தில் எல்லோரிடமும் இருக்கும். புள்ளியியல் ஆலோசனைக்காக நம்மவர் ஒருவரை ஒரு துறை அழைத்தது. அவருடைய விண்ணப்பத்தில் ஒரு பெயர், வரிப் படிவத்தில் அதே பெயர் முன்பின்னாக, இன்வாய்ஸில் வெறும் இனிஷியல். நான் தேடியபோது வேறொரு மாநிலத்தில் சுகாதாரத் துறை ஒதுக்கிய ஒருவரோடு பெயர் அப்படியே பொருந்தியது. அவர் இவரில்லை என்று எனக்குப் பார்த்ததுமே தோன்றியது. தோன்றினால் போதுமா? பதிவில் முகவரி இருந்தது, விலக்கு தொடங்கிய தேதி இருந்தது. தேதியைப் பார்த்தால் நம்மவர் அப்போது இந்த நாட்டுக்கே வந்திருக்கவில்லை. சந்தேகம் இருந்தால் ஒதுக்கிய துறையிடமே கேட்கலாம் என்று விதியில் இருக்கிறது. கேட்டேன், பதில் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அந்த மனிதர் என்னை என்ன நினைத்திருப்பார் என்று தெரியும். வீட்டில் அவர் பேச்சை எடுத்தாலே எனக்குக் கூச்சமாக இருந்தது, அடுத்த வாரம் கோவிலில் பார்க்க வேண்டிய ஆள். ஆகவே, தயவுசெய்து, எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி முழுப்பெயர் எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல, வரிப் படிவத்தில் இருப்பதுபோல.

நிறுவனங்களுக்கும் இதே கதைதான். கதவில் எழுதியிருக்கும் பெயர் ஒன்று, சட்டப் பெயர் வேறொன்று. சட்டப் பெயர் இருக்கும் டபிள்யூ-9 என்ற வரிப் படிவத்தை நான் உங்களிடம் கேட்பது அதனால்தான். 2022 ஏப்ரலிலிருந்து, நிறுவனங்களை அடையாளம் காட்டும் பழைய டன்ஸ் எண்ணுக்குப் பதிலாக, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இலக்க யு.ஈ.ஐ. வந்திருக்கிறது. இருந்தால் அதையும் கொடுங்கள், தேடல் துல்லியமாக இருக்கும். இல்லையென்றால் பரவாயில்லை.

கேமராக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 ஆகஸ்ட் 13 முதல் ஹுவாவே, இசட்.டி.ஈ., ஹைட்டரா, ஹிக்விஷன், டாஹுவா ஆகிய ஐந்து நிறுவனங்களின் குறிப்பிட்ட தொலைத்தொடர்பு, கண்காணிப்புக் கருவிகளைக் கிராண்ட் பணத்தில் வாங்கக் கூடாது. இதில் 25,000 கணக்கெல்லாம் கிடையாது. எண்பது டாலர் கேமராவும் சேர்த்திதான். கடைசி மூன்று நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு, கண்காணிப்பு வேலைகளுக்கான கருவி என்ற நிபந்தனை இருக்கிறது. "நான் நாற்றுகள் வளர்வதைப் படம் பிடிக்கத்தானே வாங்கினேன்" என்று ஒரு தாவரவியல் பேராசிரியர் என்னோடு அரை மணி நேரம் வாதாடினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த வாதத்தை ஆடிட்டர் முன்னால் செய்ய எனக்குத் தெம்பில்லை, வேறு கேமரா வாங்கச் சொல்லிவிட்டேன். உள்ளே இருப்பது அந்த ஐவரில் ஒருவருடைய சரக்காகவும், வெளியே ஒட்டியிருப்பது வேறு பெயராகவும் இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். கேட்டால் இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்லக்கூடிய விஷயத்தை நாங்கள் மூன்று படிவம், இரண்டு கையெழுத்து என்று ஆக்கி வைத்திருக்கிறோம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தத்தின் நடுவில் வெண்டர் ஒதுக்கப்பட்டால், விதிப்படி அதைத் தொடரலாம், புதுப்பிக்கவோ நீட்டிக்கவோதான் கூடாது. எங்கள் அலுவலகத்தில் சிலர் இதைத் தெரிந்துகொள்ளாமல், மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் பராமரிப்பை அன்றைக்கே நிறுத்தச் சொல்லி ஒரு ஆய்வகத்தையே நடுங்க வைத்திருக்கிறார்கள். அப்படி யாராவது சொன்னால் மேலே உள்ளவரிடம் கேளுங்கள், சண்டை போடவும் செய்யுங்கள்.

நான் கேட்பது, விலை பேசத் தொடங்குகிற அன்றைக்கே பெயரை எங்களுக்கு அனுப்புங்கள் என்பதுதான். பொருள் வந்த பிறகு, பில் வந்த பிறகு, ஆண்டறிக்கைக்கு முந்தின வாரம் அனுப்பினால் என்னால் செய்ய முடிவது ரொம்பக் கொஞ்சம். பில்லை இரண்டாகப் போடலாம் என்று கடைக்காரரே சொன்னால், அன்றைக்கே எனக்கு ஃபோன் செய்யுங்கள்.

அந்த நுண்ணோக்கி இன்னும் இரண்டாம் மாடியில்தான் இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது. தம்பி இப்போது வேறொரு மாநிலத்தில் உதவிப் பேராசிரியர், சொந்த ஆய்வகம், சொந்தக் கிராண்ட். போன மாதம் ஒரு மின்னஞ்சல்: "அக்கா, ஒரு பேர் அனுப்புறேன், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்." அந்தத் தளத்தைத் திறக்கக் கடவுச்சொல்கூடத் தேவையில்லை, நீயே பார், அப்புறம் உங்கள் ஊர் பர்சேஸ் ஆபீஸிலும் என்னை மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், அவளிடமும் கேள் என்று பதில் எழுதினேன். எழுதிவிட்டு நானும் ஒருமுறை பார்த்துவிட்டேன். ஒன்றும் வரவில்லை.

அன்புடன்,
பர்சேஸ் அலுவலகத்து அக்கா