மினுங்குவது உப்பா, கல்சைற்றா, குவாட்ஸா?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் குவாட்சைட்டுப் பாறைக்கு (பெரும்பாலும் குவாட்ஸால் ஆன கடினப் பாறை) குறைவில்லை. பாறை வெடிப்புகளில் சீனி தூவியதுபோல் ஏதும் மினுங்கினால் உடனே ‘வைரம்’ என்று பேச்சுக் கிளம்பிவிடுகிறது. அது குவாட்ஸ் (படிகக்கல்) எனும் கனியத்தின் சிறு படிகங்களாலான படலமா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

சிலிக்கா (குவாட்ஸ் ஆகும் பொருள்) கரைந்த நீர் வெடிப்புக்குள் ஊறி, அந்தச் சிலிக்கா வெடிப்பின் சுவரில் மெல்லப் படிவதால் உருவாவது இப்படலம். வளர வெற்றிடம் வேண்டும். அதனால்தான் படிக நுனிகள் எல்லாம் குழியின் உட்புறம் நோக்கி நிற்கின்றன. 10 மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஆறு பக்கக் கூர்நுனிகள் தெரியும்.

முதலில் நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். கடலோரக் கல்லில் உப்புப் படிந்திருந்தால் கரைந்துவிடும். பிறகு ஒரு துளி வினாகிரி: நுரைத்தால் அது சுண்ணாம்புக் கனியமான கல்சைற்று. வினாகிரி வலுக் குறைந்தது, ஆகவே கொஞ்சம் சுரண்டி, அந்தத் தூளில் விட்டால்தான் நுரை தெளிவாகத் தெரியும். நகத்தால் தகடு தகடாக உரிந்தால் மைக்கா.

கடைசியாக வெற்றுக் கண்ணாடிப் போத்தலில் கீறுங்கள். கனியங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவாட்ஸின் கடினம் 7, கண்ணாடியினது ஏறத்தாழ 5.5; ஆகவே குவாட்ஸ் கண்ணாடியைக் கீறும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மென்மையான கனியமும் கண்ணாடியில் வெள்ளைத் தூள்கோடு விடும். ஈரவிரலால் துடைத்த பின்னும் நகத்தில் தட்டுப்பட்டால் மட்டுமே அது கீறல். படலத்துக்கு அடியிலுள்ள பாறை உரசாமல், படிக நுனி மட்டும் படவேண்டும்.

கோணேசர் மலையில் கல் பெயர்க்க வேண்டாம்; உதிர்ந்த துண்டே சோதனைக்குப் போதும். உடைக்கத்தான் வேண்டுமென்றால் நனைத்து உடையுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கினால் வெளியேறாது.

கனிய ஆர்வலர்கள்,
திருகோணமலை