பெரியம்மாவின் காலைப் பார்த்தவருக்கு

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

பெரியம்மா நேற்று மாலை வீடு வந்து சேர்ந்துவிட்டார். எங்கள் வீட்டுக்குத்தான், பட்டர்வொர்த்துக்கு. கிள்ளானுக்குப் போக இன்னும் பத்து நாளாவது ஆகட்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்ததும் சீனியும் பாலும் போடாத தேநீர், தே ஓ, ஒன்று கேட்டார். பாதி குடித்துவிட்டு, "டுரியான் இன்னும் விழுதா, முடிஞ்சிருச்சா?" என்றார். அம்மா பதில் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டார். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். பைப்பைத் திறந்துவிட்டு, கழுவுதொட்டியைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். இந்தப் பதினான்கு நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர்.

அந்த வளைவில் நடந்த கார் விபத்தை நான் திரும்ப எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அன்றிரவே மருத்துவமனை வராந்தாவில் இருந்தீர்கள். மீதிப் பேர் தொலைபேசியில் இருந்தீர்கள். தெரியாதவர்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

எல்லாருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல ஆசைதான், ஆனால் அதற்கு ஒரு புத்தகம் போட வேண்டும். வளைவுக்கு மேலே இருவர், கீழே இருவர் என்று நின்று வண்டிகளை நிறுத்திய சைக்கிள்காரர்கள். அவசர எண் 999-இல் என் உளறலை அவசரப்படுத்தாமல் கேட்ட அந்தக் குரல். ஆம்புலன்சில் வந்த இரண்டு பேர். கிள்ளானிலிருந்து இரவோடு இரவாக 350 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவந்த அண்ணன், அவர் கண் அசந்துவிடக் கூடாதென்று வழி முழுக்க வாயை மூடாமல் பேசிக்கொண்டே வந்த அண்ணி. இரத்தம் கொடுக்க வந்து வரிசையில் நின்ற கோயில் பிள்ளைகள். தினமும் ரசமும் சோறும் கட்டிக்கொடுத்த பக்கத்து வீட்டு ஆன்ட்டி, எங்கள் பூனைக்கு மீன் அவித்துப் போட்ட எதிர்வீட்டுச் சீனப் பாட்டி. காரைத் தூக்கிக்கொண்டு போய் இன்னும் பில் அனுப்பாத பட்டறைக்கார போமன். நீங்கள் செய்ததற்கு ஆளுக்கு ஒரு வரிதானா என்று நினைக்காதீர்கள். உங்களை நான் நேரில் பார்ப்பேன், வீட்டுக்கு வருவேன், பலகாரம் கொண்டுவருவேன். உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது.

அதனால் இந்த மடலில் மிச்சமுள்ள இடத்தை ஒரு ஜோடிச் செருப்புக்குக் கொடுத்துவிடுகிறேன்.

அம்மாவும் பெரியம்மாவும் கூடப் பிறந்தவர்கள் இல்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் அடுத்தடுத்த கதவு. ஒரே ஆயாக்கொட்டகையில் வளர்ந்தார்கள், பதினான்கு வயதில் பக்கத்துப் பக்கத்து மர நிறையில் பால் வெட்டினார்கள். வருடத்துக்கு ஒருமுறை தைப்பூசத்துக்குத் தோட்டத்து லாரியில் பட்டர்வொர்த் வந்து, ஃபெரி பிடித்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவார்கள். அவர்களுக்குப் பினாங்கு என்றால் அவ்வளவுதான். ஃபெரித் துறையிலிருந்து தண்ணீர்மலை வரைக்கும் ஒரு சாலை, சாலை முழுக்க உடைந்து கிடக்கும் தேங்காய், கூட்டத்துக்கு நடுவே நகரத்தார் வெள்ளி ரதம். மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று பெரியம்மா ஒவ்வொரு வருடமும் ஃபெரியில் நின்று கேட்பாராம். அங்கே பாலிக் பூலாவ் என்று ஓர் ஊர் இருக்கிறது, தீவின் பின்பக்கம் என்று அர்த்தம் என யாரோ சொல்லியிருக்கிறார்கள். "பின்பக்கம்னா என்ன இருக்கப் போவுது, கக்கூசுதான்" என்பது அம்மாவின் பதில். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பதில் சரியாகப் புரியும்.

1979-இல் பெரியம்மா கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போய்விட்டார். பின்பக்கத்தைப் போய்ப் பார்க்கும் திட்டம் மட்டும் அப்படியே இருந்தது. பேறுகாலத்துக்கு அப்புறம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிக்கட்டும், பெரியப்பாவின் கருமாதி முடியட்டும், கால் விரல் ஆறட்டும் என்று தள்ளித் தள்ளி இந்த வருடம் வந்து நின்றது. கிழவிகள் இருவரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு நான் கிளம்பினேன். காரோடு ஃபெரியில் போக வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. 2021-இலிருந்து ஃபெரியில் காரை ஏற்றுவதில்லை, ஆளும் மோட்டார் சைக்கிளும்தான் என்று சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. சரி என்று 1985-இல் திறந்த பழைய பாலத்தில் போனோம். 13.5 கிலோமீட்டரும் பெரியம்மா கீழே ஃபெரியைத் தேடிக்கொண்டே வந்தார்.

அந்தக் காலைப் பொழுதை மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. தஞ்சோங் பூங்கா தாண்டியதும் சாலை கடலை ஒட்டி வளைந்து வளைந்து போகும். கடல் வலது பக்கம். வலது ஜன்னல் யாருக்கு என்று சண்டை. பத்து பெரிங்கியில் நிறுத்தி, இடம் மாற்றி உட்கார வைத்தேன். தெலுக் பஹாங் சுற்றுவட்டத்தில் இடது பக்கம் திரும்பியதும் கடல் போய்விட்டது, காடு வந்துவிட்டது. 1999-இல் கட்டி முடித்த அணையின் பச்சைக் கரை, அப்புறம் ஏற்றம், அப்புறம் வளைவுக்கு மேல் வளைவு. தீவைச் சுற்றிவரும் அதே 6-ஆம் எண் சாலைதான், ஆனால் இங்கே இரண்டு கார் ஒதுங்கிப் போகவே யோசிக்க வேண்டும். சரிவில் டுரியான் மரங்களுக்குக் கீழே வலை கட்டியிருந்தார்கள். கண்ணாடியை இறக்கச் சொல்லி பெரியம்மா மூக்கை வெளியே நீட்டி மோந்தார். "ஒரு சுளை. ஒரே ஒரு சுளை." "உனக்கு இனிப்புநீர், வாயை மூடு" என்றார் அம்மா. தித்தி கெராவாங் அருவிப் பக்கம் பழக்கடைகள் தெரியத் தொடங்கின.

அப்புறம் அந்த வளைவு.

பெரியம்மாவைக் காரிலிருந்து இறக்கி, எதிரே இருந்த பழக்கடைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் ஒரு சைக்கிள்காரர். இருபது அடி இருக்கும். நான் பெரியம்மாவின் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு வருகிறதா, கண் சொருகுகிறதா என்று. அம்மாவும் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அப்படித்தான்.

கடைக்கார மலாய் அம்மா, அந்த மக்சிக், மட்டும் கீழே பார்த்தார். அறுபது வயது இருக்கும், பூப்போட்ட பாஜு, தலையில் துடோங் முக்காடு, கையில் பழம் துடைக்கும் துணி. பெரியம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்த மறு நிமிடம் தரையில் குந்தி அவருடைய காலைத் தூக்கித் தன் தொடையில் வைத்துக்கொண்டார். வெறுங்கால்! மதிய வெயிலில் கொதிக்கும் தாரில், கண்ணாடித் தூளில், வெறுங்காலோடு நடத்திக் கூட்டி வந்திருக்கிறோம். செருப்பு இரண்டும் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, அந்தப் பாதங்களுக்கு உணர்ச்சி இல்லை. போன வருடம் ஒரு விரலை எடுத்ததே அதனால்தான்.

மக்சிக் பாதத்தைத் துணியால் ஒற்றித் துடைத்தார். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார், லங்சாட் பழத்தில் எறும்பு இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. இல்லாத விரல் இருந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். "கெஞ்சிங் மானிஸ் கா?" என்று என்னைக் கேட்டார், இனிப்புநீரா என்று. ஆமாம் என்று தலையாட்டினேன். தன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றினார். நீல வார் போட்ட ஜப்பான் செருப்பு, குதிகால் பக்கம் தேய்ந்தது. உள்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவி, கல் முள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பெரியம்மாவுக்கு மாட்டிவிட்டார். அடுத்த காலுக்கும் அதே மாதிரி. ஆம்புலன்ஸ் வந்ததும் அவர்களிடம் "காக்கி, காக்கி" (கால், கால்) என்று பெரியம்மாவின் காலைக் கைகாட்டிக்கொண்டே கூட ஓடினார். அப்போது அவர் வெறுங்காலில் இருந்தார்.

மருத்துவமனையில் இரண்டாம் நாள் ஒரு தாதி கேட்டார், இந்தப் பாதத்தை யார் பார்த்தது, கீறலை உடனே துடைத்தது நல்லதாகப் போயிற்று என்று. கட்டிலுக்கு அடியில் அந்த நீலச் செருப்பு இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்று 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வு சொன்னது. நம் இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். சீனி அளவு எவ்வளவு என்று நாம் கல்யாண வீட்டில்கூடக் கேட்டுக்கொள்கிறோம், கால் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. பெரியம்மா மருத்துவமனையில் படுத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னது இது: "நம்ம வெட்டுன பால்லதான் ஊர் உலகமே செருப்புப் போட்டுச்சு. நமக்கு மொத செருப்பு கல்யாணத்துக்குத்தான், இல்ல?" இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருட்டில் அட்டைக்கும் முள்ளுக்கும் நடுவே வெறுங்காலோடு நிறை பிடித்தவர்களுக்குக் காலைப் பார்த்துக்கொள் என்று யார் சொல்லியிருப்பார்கள்?

எனவே ஓர் ஏற்பாடு. பத்து நாளைக்குத் தினமும் இரவு பெரியம்மாவின் பாதத்தைப் பார்ப்பது என் வேலை. அதற்கு அப்புறம் அண்ணியின் வேலை. அண்ணி, படிக்கிறீர்கள் இல்லையா? அம்மா தனியாக ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறார், தண்ணீர்மலையில் 513 படியும் ஏறுவதாக. அவருடைய முட்டி இருக்கும் இருப்புக்கு, யார் ஏறப் போவது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

பெரியம்மாவுக்கு இதில் ஒரே வருத்தம்தான். பாலிக் பூலாவைக் கடைசியில் பார்த்துவிட்டார், ஆனால் ஆம்புலன்சில் படுத்துக்கொண்டு. "என்னத்தைப் பார்த்தேன், கூரையைத்தான் பார்த்தேன்" என்கிறார். அங்கே லக்சா நூடுல்ஸ் சாப்பிடுவதும் பாக்கி.

இன்று காலை நான் மட்டும் தித்தி கெராவாங் போய்வந்தேன். அம்மா அந்தச் செருப்பைச் சவர்க்காரம் போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து, வெயிலில் காயவைத்துக் கொடுத்திருந்தார். கூட ஒரு புது ஜோடியும் வாங்கிப் போனேன். மக்சிக் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. செருப்பைத்தான் கண்டுகொண்டார். "இவ்வளவு வெள்ளையா இது!" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். உடனே காலில் மாட்டிக்கொண்டார். புது ஜோடியை என் கையிலேயே திணித்தார், காரில் வைத்துக்கொள், யாருக்காவது வேண்டியிருக்கும் என்று. இப்போது அது பின்னால் ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் இருக்கிறது, இனி எப்போதும் இருக்கும்.

அன்றைக்கு வெறுங்காலோடு எப்படி வீட்டுக்குப் போனீர்கள் என்று கேட்டேன். பெரியம்மா கேட்டுவரச் சொன்ன கேள்வி அது. மோட்டாரில் போனேன், மோட்டார் ஓட்டச் செருப்பு எதற்கு என்றார். காலைப் பார்க்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்கவில்லை, முகவாயால் கடையின் உள்பக்கத்தைக் காட்டினார். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மலாய்ப் பெரியவர், பக்சிக், உட்கார்ந்து ஜாதிக்காய் தோல் சீவிக்கொண்டிருந்தார். கைலிக்குக் கீழே ஒரு கால்தான் இருந்தது. அன்றைக்கும் அவர் அங்கேதான் இருந்தாராம். நான் பார்க்கவில்லை.

என்ன பேசுவதென்று தெரியாமல் ஒரு டுரியானை எடுத்து, எவ்வளவு என்று கேட்டேன். "யாருக்கு?" என்றார் மக்சிக். எனக்கு என்றேன். என்னையே பார்த்தார். பழத்தை என் கையிலிருந்து வாங்கிக் குவியலில் திரும்ப வைத்துவிட்டு, ஊறவைத்த ஜாதிக்காய் ஒரு பொட்டலம் கொடுத்தார், அம்மாவுக்காம். காசு வாங்க மாட்டேன் என்றார். பத்து வெள்ளியைத் தராசுத் தட்டுக்கு அடியில் செருகிவிட்டு ஓடிவந்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். பக்சிக்கைப் பற்றிச் சொன்னபோது பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கையைக் காட்டுடி" என்றார். நீட்டினேன். பிடித்து இழுத்து மோந்து பார்த்தார்.

"தொட்டிருக்க" என்றார்.