புரோக்கருக்கு எதற்கு முழு ஆதார்?

கோவில்பட்டி

அன்புள்ள கதிர்,

வீடு பார்த்துத் தரும் புரோக்கர்கள் மூன்று பேருக்கும் ஆதார், பான் கார்டு இரண்டையும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன் என்று குரூப்பில் போட்டிருந்தாய். நல்ல வீடாக அமையட்டும் ராசா. ஆனால் அதில் இரண்டு பேரை நீ நேரில்கூடப் பார்த்ததில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நான் இ-சேவை மையமும் ஜெராக்ஸ் கடையும் நடத்துகிறவள். எவனோ எங்கோ உட்கார்ந்து கம்ப்யூட்டருக்குள் புகுந்து நம் விவரத்தைத் திருடுகிறான் என்றுதான் உங்கள் வயசுப் பிள்ளைகள் நினைக்கிறீர்கள். பல நேரம் அவனுக்கு அவ்வளவு சிரமமே இல்லை, நாமே கொடுத்துவிடுகிறோம். கடையில் ஆதாரை டவுன்லோட் செய்து பிரிண்ட் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்; ஃபைல் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். ஷட்டரை இறக்கும் முன்னால் அதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் நான் எழுந்திருப்பேன். எல்லாக் கடையிலும் அழிப்பார்கள் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

ஃபைலுக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பாய். பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலத்தில், அப்புறம் பிறந்த வருஷம். ஊருக்கே தெரிந்த பூட்டு அது. உன் பெயரும் பிறந்தநாளும் இன்ஸ்டாவில் கேக் படத்தோடு கிடக்கின்றன.

வீட்டு ஓனர் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாதுதான். ஆதார் இணையதளத்தில் டவுன்லோட் செய்யும்போதே எண்ணை மறைத்துத் தரும்படி கேட்கலாம். முதல் 8 இலக்கம் மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும். அதுவும் செல்லுபடியாகும் ஆதார்தான். முழு எண் வேண்டும் என்று எவராவது அடம்பிடித்தால், எதற்கு என்று கேள். கேட்பதில் வெட்கம் என்ன? பேப்பராகக் கொடுத்தால், எந்தக் காரியத்துக்கு, யாருக்கு, என்ன தேதி என்று நகலின் குறுக்கே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடு. பான் கார்டை புரோக்கருக்குக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

போன மாசம் கடைக்கு வந்த ஒரு பையன், உன் வயசுதான் இருக்கும், பைக் லோன் கிடைக்கவில்லை என்று சொன்னான். கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், அவன் கேள்வியே படாத ஒரு கடன் செயலியில் அவன் பெயரில் கடன் நிற்கிறது, தவணையும் கட்டவில்லை. எங்கே கொடுத்த பான் நகல் என்று அவனுக்கே நினைவில்லை. நாம் வாங்கிய கடன்களைப் பதிந்து இந்த அறிக்கையைத் தருவது சிபில் மட்டும் இல்லை, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று மொத்தம் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நான்கையும் ஒரே நாளில் வாங்காமல் மூன்று மாசத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருஷம் முழுக்கக் கண் வைத்த மாதிரி ஆகும். உன்னுடையது அல்லாத கடன் தெரிந்தால் உடனே புகார் கொடு. 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்குமேல் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்ற விதியும் 2024-இல் வந்துவிட்டது.

அப்புறம் கைரேகை. ஆதார் எண்ணும் விரலும் இருந்தால், கடைகளில் வைத்திருக்கும் மைக்ரோ ஏடிஎம் என்ற சின்ன மிஷினில் ஓடிபி இல்லாமலே நம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். பாட்டிக்கு அது வசதி. உனக்கு எதற்கு? ஆதார் தளத்திலேயே கைரேகையைப் பூட்டிவை, சிம் வாங்குவது மாதிரித் தேவை வந்தால் அப்போது மட்டும் திற. பாஸ்வேர்டு பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உன் மெயிலுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போட்டிருக்கிறாயா? மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றும் வழி அந்த மெயில்தானே.

பணம் போனால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930, பிறகுதான் எனக்குப் போன். உன் பாஸ்வேர்டையோ மின்னணுக் கையெழுத்தையோ ஒருவன் மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் (ஐடி) சட்டம் 66சி பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. ஸ்டேஷனில் மழுப்பினால் அந்தப் பிரிவைச் சொல்லிக் கேள்.

நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நேற்று அப்பா பெயரில் பார்த்தேன், மூன்று நம்பர் இருந்தன. ஒன்று அவருடையது, ஒன்று நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கி இன்னும் வைத்திருப்பது. மூன்றாவது யாருடையது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை, என்னுடையது இல்லை என்று அங்கேயே புகார் போட்டுவிட்டேன். தீபாவளிக்கு வரும்போது உன் நம்பரை உன் பெயருக்கு மாற்றிவிடலாம். அப்பாவும் கூட வர வேண்டியிருக்கும், லீவை முன்கூட்டியே சொல்.

அன்புடன்,
அம்மா