பழைய முடிச்சூருக்கு, புது நகர்களிலிருந்து ஒரு நன்றி மடல்

முடிச்சூர் ஊர்ப் பெரியவர்களுக்கும், அண்ணன்மார் அக்காமார்களுக்கும், அன்றைக்கு இளவட்டங்களாக இருந்து இன்று பிள்ளைகுட்டிக்காரர்கள் ஆகிவிட்ட தம்பிகளுக்கும் வணக்கம்.

2015 டிசம்பர் வெள்ளம் போய்ப் பத்து வருடம் ஆகிவிட்டது. உங்களில் பலருக்கு நேரில் நன்றி சொல்லியிருக்கிறோம். பால் வாங்கும்போது, ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காரும்போது, கல்யாண வீட்டில் பந்தியில் பார்க்கும்போது. ஊரறியச் சொன்னதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மற்றவர்களுக்கான நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்த மீனவர்கள், ராணுவத்தினர், தேசியப் பேரிடர் மீட்புப் படையினர், பள்ளிவாசலையும் சர்ச்சையும் கல்யாண மண்டபத்தையும் திறந்துவிட்டவர்கள், வெளிமாவட்டங்களிலிருந்து வந்து எங்கள் தெருக்களில் சேறு அள்ளிய துப்புரவுப் பணியாளர்கள், கம்பத்தில் ஏறி மறுபடி கரண்ட் கொடுத்த மின்வாரிய ஊழியர்கள் எல்லோருக்கும் கோடி நன்றி. அவர்களைப் பற்றியாவது செய்தித்தாள்களில் வந்தது. உங்களைப் பற்றி ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை.

நாங்கள் இங்கே எப்படி வந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம், சென்னைக்குள் வாங்க முடியாத விலை, அதனால் முடிச்சூர் ரோட்டில் ஒரு மனை. 2014-ல் வண்டலூரிலிருந்து வெளிவட்டச் சாலையின் முதல் பகுதி திறந்ததும் இன்னும் கூட்டம் வந்தது. பட்டா சரியாக இருக்கிறதா, வில்லங்கம் இருக்கிறதா, அப்ரூவல் வாங்கியிருக்கிறார்களா என்று எல்லாம் பார்த்துத்தான் வாங்கினோம். மனை விற்றவர் கையில் கொடுத்த வரைபடத்தில் பார்க்குக்கு இடம் இருந்தது, தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பது மட்டும் இல்லை. அது உங்கள் தலைக்குள் இருந்தது.

2015 நவம்பர் நடுவிலேயே ஒருமுறை முழுகிவிட்டோம். வீட்டைக் கழுவி, பாயைக் காயவைத்து, சரி, இனிமேல் இருக்காது என்று நினைத்தபோது டிசம்பர் 1 வந்தது. மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. விமான நிலையத்தையே 6-ஆம் தேதி வரை மூடி வைத்தார்கள் என்றால், அடையாற்றின் ஓரத்தில் தரைத்தளத்தில் இருந்தவர்கள் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்கும் வெளியூரில் யாராவது கேட்டால், "செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள் இல்லையா, அதில்தானே முழுகினீர்கள்?" என்பார்கள். சைதாப்பேட்டைக்கும் ஜாஃபர்கான்பேட்டைக்கும் அந்தக் கேள்வி சரி. நமக்குச் சரியில்லை. செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் வந்து சேர்வது திருநீர்மலைப் பக்கம், ஆற்றின் போக்கில் நமக்குக் கீழே. நம்மை அடித்தது மேலேயிருந்து வந்த தண்ணீர்: ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் என்று ஏரிக்கு ஏரி நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழியாக வழிந்து வந்தது. இதை எனக்குப் புரியவைத்தவர் பொறியாளர் இல்லை. மொட்டை மாடியில் எங்களோடு நனைந்துகொண்டு நின்ற, உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். எந்த ஏரி வழிந்தால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் ஏறும் என்று கைநீட்டிக் காட்டினார். அவர் சொன்ன வரிசையில்தான் ஏறியது.

படகுகள் வந்த பிறகு நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கடலில் படகு ஓட்டுகிறவர்களுக்குத் தெருவில் ஓட்டிப் பழக்கம் இருக்குமா? தண்ணீருக்கு அடியில் காம்பவுண்டுச் சுவர், கேட்டின் கூர்முனை, டிரான்ஸ்ஃபார்மர் மேடை, எல்லாவற்றுக்கும் மேலே பழைய விவசாயக் கிணறுகள். மேலே பார்த்தால் ஒரே மட்டமாகச் செம்மண் நிறத் தண்ணீர். ஒவ்வொரு படகின் முனையிலும் உங்கள் பையன் ஒருவன் உட்கார்ந்தான். "அண்ணே, இந்தாண்ட ஒடி, அடியில செவுரு" என்று கத்திக்கொண்டே வந்தான். படகு நுழையாத சந்துகளில் இடுப்பளவு தண்ணீரில் சவுக்குக் கட்டையை ஊன்றிப் பார்த்து நீங்கள் முன்னே நடந்தீர்கள், நாங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தோம். கிணறு இருந்த இடத்தைச் சுற்றி நீங்கள் வளைந்து நடந்த அந்த வளைவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. நாங்களாக வந்திருந்தால் நேராகத்தான் நடந்திருப்போம்.

இதில் பலர் தங்கள் வீட்டிலும் தண்ணீர் நின்றபோது வந்தவர்கள். மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிட்டு அப்படியே எங்களிடம் வந்தவர் ஒருவர். பெயர் சொல்ல வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அதனால் சொல்லவில்லை.

அப்புறம் அக்காமார்கள். மேட்டில் இருந்த வீடுகளில் விறகடுப்பு மூட்டி, இருந்த அரிசியை எல்லாம் கொட்டி ஆக்கிப் போட்டீர்கள். தக்காளி சாதம். உப்பு கொஞ்சம் தூக்கல்தான், ஒருவரும் குறை சொல்லவில்லை. என் மாமியாருக்கு உடுத்த ஈரமில்லாத புடவை கொடுத்த ஆயா இப்போது இல்லை. அவர் மகளிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுவேன்.

வெள்ளம் வடிந்ததோடு உங்கள் உதவி நிற்கவில்லை. அடையாற்றை அகலப்படுத்திக் கரையை உயர்த்தும் வேலை நடந்தபோதும், மூடு கால்வாய் வேலை வந்தபோதும், பழைய வாய்க்கால் எங்கே ஓடியது, எது தூர்ந்து ரோடானது என்று அதிகாரிகளுக்கு நடந்து காட்டியவர்கள் நீங்கள். எங்கள் நலச்சங்கத்தார் மனு எழுதினார்கள். எதை எழுத வேண்டும் என்று சொன்னது நீங்கள். அதற்குப் பிறகும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் வந்தது. ஆனால் இந்த முறை முதல் நாளே எங்கள் தெருவுக்கு வந்து, காரை எடுத்து ரிங் ரோட்டுப் பக்கம் நிறுத்துங்கள் சார் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நிறுத்தினோம், பிழைத்தது.

2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது முடிச்சூர் அதில் சேராமல் ஊராட்சியாகவே நின்றது. பக்கத்து வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம், நாம் செங்கல்பட்டு. கோடு எங்கே போட்டாலும் தண்ணீர் ஒன்றுதான். ஆகவே மண்ணிவாக்கத்து, வரதராஜபுரத்துப் பழைய குடிகளுக்கும் இந்த மடல் சேரும்.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. அன்றைக்குக் கொடுத்த அலுமினிய ஏணி ஒன்று, இரண்டு பெரிய அலுமினியக் குண்டான்கள், நீளமான நைலான் கயிறு ஒரு கட்டு ஆகியவை எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. குண்டான் அடியில் பெயர் வெட்டியிருக்கிறது, தேய்ந்துபோய் முதல் எழுத்து மட்டும்தான் தெரிகிறது. உரியவர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். கயிற்றை மட்டும் இன்னொரு மழைக்காலம் வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறோம்.

அன்புடன்,
ஆற்றோர நகர்வாசிகள் சார்பில் ஒரு முடிச்சூர்க்காரன்