டெல்லி கணேஷும் என் பழைய துண்டும்

கானாடுகாத்தான்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பெரிய வீட்டில் பத்து நாள் சீரியல் ஷூட்டிங். பங்காளிகள் பதினாலு பேரையும் சம்மதிக்க வைக்கவே ஒரு மாதம் ஓடிவிட்டது. சிங்கப்பூர்க்காரர் மட்டும் கடைசி வரை "சாமி அறைப் பக்கம் ஒரு லைட்டும் வரக்கூடாது" என்று போனில் காவல் காத்தார். வந்த வாடகையைப் பதினாலாய்ப் பிரித்தால் முகப்புக்கு வெள்ளையடிக்கக்கூட என் பங்கு காணாது. ஆனாலும் பூட்டிக்கிடந்த வீட்டின் உள்முற்றத்து வளவில் பத்து நாள் ஆள் நடமாட்டம் இருந்ததே, அதுவே பெரிசு.

அதில் ஐயா வேஷத்துக்கு வந்தவர் எழுபதைத் தாண்டியவர். பெயர் சொன்னால் உனக்குத் தெரியாது, முகத்தைப் பார்த்தால் "அட, இவரா" என்பாய். காலை ஆறு மணிக்கு மேக்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவருக்கு முறை வந்தது சாயங்காலம் நாலரைக்கு. முகம் சுளிக்கவில்லை. நடுவில் என்னைக் கூப்பிட்டு, "இந்த ஊர்ப் பெரியவங்க திண்ணையில எப்படி உட்காருவாங்க?" என்று கேட்டார். எங்கள் அப்பச்சி உட்காருகிற மாதிரி உட்கார்ந்து காட்டினேன். ஒரு காலை மடித்து, முதுகைத் தூணில் சாய்க்காமல், தோள் மட்டும் பட. துண்டைத் தோளிலிருந்து இறக்கித் தொடைக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். கம்பெனி கொடுத்த துண்டு புதுசு, கஞ்சி விறைப்பு. "பழசு ஒண்ணு கிடைக்குமா?" என்றார். என் துண்டையே கொடுத்தேன்.

காட்சி இதுதான்: மகன் வந்து வீட்டை விற்கப் போவதாகச் சொல்கிறான். இவருக்கு வசனம் "சரிப்பா" மட்டும். சொல்லிவிட்டு, துண்டை எடுத்துத் தூணில் இல்லாத தூசியைத் தட்டினார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் எழுந்து உள்ளே இரண்டாங்கட்டுக்குப் போய்விட்டேன்.

போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாயே, "டெல்லி கணேஷ் நல்ல நடிகர்தான், ஆனால் நானூறு படத்திலும் ஒரே அப்பாதானே" என்று? அன்றைக்கே உன்னோடு சண்டை போடத் தோன்றியது. இப்போது கையில் சாட்சியும் இருக்கிறது.

1979இல் 'பசி' வந்தபோது அவருக்கு வயது 35. ரிக்‌ஷாக்காரராக, வளர்ந்த பெண்ணுக்கு அப்பா. அந்தப் பெண்ணாக நடித்த ஷோபாவுக்குத் தேசிய விருது. இவருக்கு மாநில அரசின் சிறப்புப் பரிசு. 'மைக்கேல் மதன காம ராஜன்' படத்தில் பாலக்காட்டு மணி ஐயர். மகனாக வரும் கமலுக்கும் இவருக்கும் பத்து வயதுதான் வித்தியாசம், யாருக்காவது அது உறைத்ததா? சாம்பாரில் மீன் விழுந்த விவகாரத்தில் கமலை நாம் ரசித்தோம். பக்கத்தில் அந்தப் பாலக்காட்டுத் தமிழை விடாமல் பதறிக்கொண்டே ஒரு மனுஷர் நிற்காவிட்டால் அந்தச் சிரிப்பு பாதிதான் வந்திருக்கும். அதற்கு ஒரு வருஷம் முன்னால் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் அதே கமலுக்கு வில்லன். இதில் எது உன் "ஒரே அப்பா"?

'சிந்து பைரவி'யைத் திரும்பப் பார். மிருதங்கம் குருமூர்த்தியாக டெல்லி கணேஷ் கச்சேரிக்குக் குடித்துவிட்டு வருகிறார். பாடகராக வரும் சிவகுமார் அவரை ஒதுக்கிவிட்டு மிருதங்கம் இல்லாமலே பாடுகிறார். பின்னால் அதே சிவகுமார் குடியில் விழும்போது நமக்கு ஏன் அவ்வளவு வலிக்கிறது? முதலில் அந்த மிருதங்கக்காரர் பட்ட அவமானம் உள்ளே கிடக்கிறது, அதனால்தான். அங்கே அவர் கொஞ்சம் கோமாளித்தனம் பண்ணியிருந்தால் சிரித்து மறந்திருப்போம், இங்கே சிவகுமாருக்கும் கனம் குறைந்திருக்கும். கைதட்டல் என்னவோ சிவகுமாருக்கும் சுஹாசினிக்கும்தான். 'நாயகன்' படத்தில் அவர் செய்த ஐயரும் அப்படித்தான். போலீஸ் அடியிலும் காட்டிக்கொடுக்காத அவரை வைத்துத்தான் கமலின் வேலு நாயக்கர் எப்படிப்பட்ட ஆள் என்று நமக்குப் புரிகிறது.

மனுஷர் வல்லநாட்டுக்காரர். 1964இலிருந்து பத்து வருஷம் விமானப்படை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நாடகம். பாலசந்தர் 'பட்டினப் பிரவேசம்' படத்தில் கொண்டுவந்து 'டெல்லி'யை முன்னால் ஒட்டினார். மன்னார்குடியில் பிறந்த மனோரமா நம் பள்ளத்தூரில் வளர்ந்து ஆச்சி ஆனது மாதிரி, ஒட்டியது பிறகு உரிபடவே இல்லை. 2024 நவம்பரில் எண்பது வயதில் கணேஷ் இறந்துபோனபோது விமானப்படையினர் வந்து மரியாதை செய்தார்கள். சினிமா குறைந்த நாளில் சீரியல், சின்னப் பையன்கள் எடுக்கிற குறும்படம் என்று எதையும் சின்னது என்று தள்ளவில்லை. சீரியல் என்றால் நீ மூக்கைச் சுளிப்பாய், தெரியும். நானும் சுளித்தவன்தான், திண்ணையில் அந்தப் பெரியவரைப் பார்க்கும் வரை.

போன வியாழக்கிழமை அந்தக் காட்சி வந்தது. தெருவே எங்கள் வீட்டு டிவி முன்னால். மகன் முகத்தை மூன்று தடவை பக்கத்தில் காட்டினார்கள், ஒவ்வொரு தடவையும் இடி. "சரிப்பா" குரல் மட்டும் கேட்டது. தூணைத் தட்டியதை வெட்டிவிட்டார்கள். கடைசியில் ஒரே நொடி, தூரத்திலிருந்து முகப்பு முழுக்கத் தெரிந்தது. அவர் பக்கத்தில் என் துண்டு. "இஸ்திரி சுட்ட ஓட்டைகூடத் தெரியுது" என்று எங்கள் வீட்டு ஆச்சி சத்தம் போட்டாள்.

துண்டை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் முழங்கால் இப்போது தேவலாமா? மாசியில் முன்னோர்களுக்குப் படைப்பு வருகிறது, கண்டிப்பாக வா. வரும்போது நம் பள்ளிக்கூட நாடக போட்டோ உன்னிடம் இருந்தால் எடுத்து வா. நீ ராஜா, நான் ஓலையோடு வந்து நின்ற தூதன். அந்த ஓலையை எந்தக் கையில் பிடித்திருந்தேன் என்று பார்க்க வேண்டும்.

உன்
மெய்யப்பன்