மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று?

ஆசிரியருக்கு வணக்கம்.

பார்க்கின்சன் நோயாளிகளின் அசைவுக் கோளாறுகளை மருத்துவர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் பாதிக் கட்டுரையை நடுக்கமே எடுத்துக்கொண்டுவிட்டது; மாத்திரை நேரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த நோய் உள்ள கணவரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கை நடுங்கினால் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் எல்லோரும் அதையே பேசுகிறார்கள். நடுக்கமே இல்லாத நோயாளிகளும் உண்டு. இயக்கக் கோளாறுகளுக்கான பன்னாட்டு மருத்துவச் சங்கம் 2015இல் வெளியிட்ட வரையறைப்படி அசைவு மந்தம் கட்டாயம் இருக்க வேண்டும். அத்துடன் ஓய்வுநிலை நடுக்கம், தசை விறைப்பு ஆகிய இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். மந்தம் என்றால் வெறும் மெதுவான அசைவு அல்ல. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக விரித்து, வேகமாகப் பத்து முறை தட்டச் சொல்வார்கள். என் கணவர் முதல் மூன்று நான்கு தட்டல்களை யாரும் குறை சொல்ல முடியாதபடி செய்வார். பிறகு இடைவெளி குறையும், நடுவில் ஒரு தயக்கம் வரும், கடைசியில் விரல்கள் ஒட்டியபடி துடித்துக்கொண்டிருக்கும். மருத்துவர் பார்ப்பது அந்தத் தேய்மானத்தைத்தான். சட்டைப் பொத்தான் போடுகையில் மூன்றாவது பொத்தானில் கை நின்றுவிடுவதும் இதனால்தான்.

அதே சங்கம் 2008இல் திருத்தி வெளியிட்ட மதிப்பீட்டு அளவுகோல் இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. அதில் அசைவுப் பரிசோதனைப் பகுதிக்கு மட்டும் 33 மதிப்பெண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 4 வரை. ஆக, உச்சம் 132. எண் கூடினால் பாதிப்பு கூடுதல். பரிசோதனை தொடங்கும் முன்பே அந்தப் படிவம் சில கேள்விகளைக் கேட்கிறது: நோயாளி மருந்து எடுத்துக்கொள்கிறாரா? இப்போது மருந்து வேலை செய்கிற ‘ஆன்’ நிலையில் இருக்கிறாரா, வேலை செய்யாத ‘ஆஃப்’ நிலையில் இருக்கிறாரா? இந்த நோய்க்கான முக்கிய மருந்தான லெவோடோபாவைக் கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை நிமிடம் ஆயிற்று? படிவத்தை உருவாக்கியவர்கள் நிமிடக் கணக்குக் கேட்கிறார்கள். நடைமுறையில் பல இடங்களில் மணிக் கணக்குக்கூட யாரும் கேட்பதில்லை.

அதன் விளைவை நாங்கள் அனுபவித்தோம். ஒருமுறை காத்திருப்பு நீண்டு, மதிய மாத்திரை நேரம் தாண்டி, அவர் விறைத்துப்போன நிலையில் உள்ளே போனார். நேரத்தை யாரும் கேட்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்தபோது அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். நோய் முற்றிவிட்டது என்று மருந்தின் அளவைக் கூட்டினார்கள். பிறகு மாத்திரை உச்சத்தில் இருக்கும் நேரங்களில் தோளும் கழுத்தும் தாமாகவே நெளிய ஆரம்பித்தன. வீட்டுக்கு வந்தவர்கள் அதையும் நடுக்கம் என்றார்கள். நடுக்கம் அல்ல, அது மருந்தால் வரும் மிகை அசைவு.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். வீட்டில் குளியலறை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நிற்பவர், மருத்துவமனையின் அகலமான நடைபாதையில் வீறுநடை போடுவார். குறுகிய வாசலும் திடீர்த் திருப்பமும்தான் காலைப் பிடித்து நிறுத்துகின்றன. மருத்துவர் பார்க்கிறார் என்ற கவனமே நடையைக் கொஞ்ச நேரம் சரிசெய்துவிடும். உடன் போனவர் சொன்னால் மிகைப்படுத்துவதாக நினைப்பார்கள்.

ஆகவே கையில் சான்றோடு போவதுதான் வழி. அரைமணிக்கு ஒரு கட்டம் போட்ட நாட்குறிப்பு போதும்: தூக்கம், ஆஃப், ஆன், தொல்லை தராத மிகை அசைவுடன் ஆன், தொல்லை தரும் மிகை அசைவுடன் ஆன். மாத்திரை நேரத்தையும் ஓரத்தில் குறிக்க வேண்டும். அவர் சம்மதத்துடன் கைப்பேசியில் எடுத்த சிறு வீடியோவும் உதவும். முகம் மட்டும் இல்லாமல் பாதம்வரை தெரிய வேண்டும், திரும்பும் இடம் பதிவாக வேண்டும். கையில் கட்டும் உணர்விக் கருவிகளும் இப்போது இருக்கின்றன. அசைவை அவை நன்றாகவே அளக்கின்றன, ஆனால் மூன்றாவது பொத்தான் அவற்றுக்குத் தெரியாது.

இரண்டு எச்சரிக்கைகள். பின்னால் நின்று தோளைப் பிடித்து இழுத்துச் சமநிலையைப் பார்க்கும் சோதனையை வீட்டில் யாரும் முயல வேண்டாம். விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். ‘ஆஃப்’ நிலையைக் காட்டுவதற்காக மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து.

அந்த அரைமணி அட்டவணையை வெட்டி எடுத்துக்கொள்ளும்படி ஓர் இதழில் முழுப் பக்கம் அச்சிடுவீர்களா? எழுதத் தேவையின்றி ஒரு கோடு கிழித்தால் போதும் என்கிற மாதிரி, கட்டங்கள் பெரிதாக இருக்கட்டும். பலருக்கு எழுத்து எறும்பளவு சுருங்கிவிட்டிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி